விளக்கொளியில் நம் முகம்

தை மாதம் பிறந்துவிட்டால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் திருமண மண்டபங்களுக்கு ஓய்வே கிடையாது. காலையில் ஆலயத்தில் திருமணத் திருப்பலி. மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. காலைத் திருப்பலிக்கு வர இயலாதவர்கள் மாலை வரவேற்புக்காவது தலைகாட்ட வேண்டும் என்பது நம் ஊர் மரபு. வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகளுக்கு இந்த மாலை வரவேற்பு ஒரு சிறு சோதனையாகவே அமைந்துவிடுகிறது.

நமக்கு அறிமுகமான ஆசிரியை ஒருவர், அரியலூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் பணிபுரிபவர். சென்ற ஆண்டு அவருடைய உறவினர் வீட்டு வரவேற்பு பெரம்பலூரில் நடைபெற்றது. மாலை மணி அடித்ததும் பள்ளியிலிருந்து புறப்பட்டார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எழுப்பும் புழுதியினூடே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். மண்டபத்து வாசலில் இறங்கியவர், கைப்பையிலிருந்த பவுடரை எடுத்து, வியர்வையும் புழுதியும் படிந்த முகத்தின் மேல் அவசர அவசரமாகப் பூசிக்கொண்டு உள்ளே சென்றார். மணமக்களை வாழ்த்தினார், மேடையில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அப்படம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்! சாம்பல் பூத்தாற்போன்ற தம் முகத்தைக் கண்டு அவர் மனம் வெதும்பினார். அத்துடன் நின்றிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவையே இருந்திராது. "நம் நிறம்தான் குறை" என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு, பெயர்ச்சீட்டு ஏதுமில்லாத வெண்மைக் களிம்பு ஒன்றை யாரோ கொடுக்க வாங்கி வந்துவிட்டார். உண்மையில் குறை அவருடைய நிறத்தில் இல்லை. பவுடரைப் பூசிய முறையிலும், மண்டபத்து விளக்கிலும், படக்கருவியின் மின்வெட்டு ஒளியிலுமே குறை இருந்தது. இதைத்தான் நம் தாய்மார்களுக்கும் இளம் பெண்களுக்கும் இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம்.

அலங்காரம் தவறா?

"மறைமாவட்ட இதழில் ஒப்பனையைப் பற்றியா?" என்று சிலர் புருவம் உயர்த்தலாம். அவர்களுக்கு முதலில் மறுமொழி கூறிவிடுவோம்.

நோன்பிருக்கும் நாளிலும் வாடிய முகத்தோடு திரியாமல், தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவுமாறு கற்பித்தவர் நம் ஆண்டவர். தன் ஊரைக் காக்கப் புறப்பட்ட யூதித்து கைம்மைக் கோலத்தைக் களைந்து தன்னை அழகு செய்துகொண்டதாக மறைநூல் உரைக்கிறது. தன் மக்களுக்காகப் பரிந்து பேச அரசன் முன் சென்ற எஸ்தரும் அவ்வாறே செய்தாள். அதே வேளையில், புற அலங்காரமே பெண்ணின் அணியாகிவிடக் கூடாது, உள்ளத்தின் அமைதியே அழியாத அணி என்று புனித பேதுரு தம் முதல் மடலில் அறிவுறுத்துகிறார். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒன்று மற்றொன்றின் அளவைக் காட்டுகிறது.

மூன்றாம் நூற்றாண்டுப் புனிதரான சிப்பிரியான் முகப்பூச்சுகளை மிகக் கடுமையாகக் கண்டித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இச்சிக்கலை மீண்டும் ஆராய்ந்த புனித தோமா அக்குவினாஸ் நுண்ணிய வேறுபாடு ஒன்றைக் காட்டினார். இல்லாத அழகை இருப்பதுபோல் புனைந்து காட்டுவது வேறு. நோய் முதலிய காரணங்களால் நேர்ந்த குறையை மறைத்துக்கொள்வது வேறு. பின்னது குற்றமன்று என்பது அவர் முடிவு. புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் இல்லறத்தாருக்காக வெளியிட்ட நூலிலும், பக்தியுள்ளோர் எந்தக் கூட்டத்திலும் செம்மையாக உடுத்தியவர்களாகவும், ஆடம்பரம் சிறிதும் இல்லாதவர்களாகவும் விளங்க வேண்டும் என்னும் கருத்தைக் காண்கிறோம்.

நம் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. கொள்ளிடக் கரையின் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் ஆக்கி அடைக்கல அன்னைக்குப் பாமாலை சூட்டிய வீரமாமுனிவர், விருத்தாசலம் பக்கத்துக் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னையைச் சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுவினார். கும்பகோணம் பேராலயம் அலங்கார அன்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது. அலங்காரம் என்ற சொல்லையே அன்னைக்குச் சூட்டி மகிழ்ந்த மக்கள் நாம். ஆகவே அலங்காரம் தீதன்று. நம்மை நாமே வெறுத்துச் செய்துகொள்ளும் அலங்காரமே தீது.

ஒளி மாறினால் நிறம் மாறும்

மாலை நேர ஒப்பனைக்கு அடிப்படையான உண்மை ஒன்றே: முகம் மாறுவதில்லை, அதன் மீது விழும் ஒளிதான் மாறுகிறது.

நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நன்றாக விளக்கேற்றிய மண்டபத்திலும் அது சில நூறு லக்ஸ் அளவே இருக்கும். பகலில் ஒளி மேலிருந்தும் எல்லாப் புறங்களிலிருந்தும் பரவி வருகிறது. இரவிலோ ஓரிரு திசைகளிலிருந்து மட்டும் விழுகிறது. கண்குழியும் கன்னமும் நிழலாகிவிடுகின்றன. பகலில் போதுமானதாக இருந்த கண்மையும் பொட்டும் இரவில் போதாமற் போவது இதனால்தான்.

விளக்கின் வகையும் முக்கியமானது. பழைய குண்டு விளக்கின் மஞ்சள் ஒளியில் சிவப்பு மிகுதி. அதில் நம் மாநிறமும் கருநிறமும் பொன்போல் ஒளிரும். ஆனால் நீலச் சேலையும் ஊதாச் சேலையும் மங்கித் தெரியும். இன்று மண்டபங்களில் நிறைந்திருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள், அதிலும் மலிவானவை, நீலம் மிகுந்து சிவப்புக் குறைந்தவை. அவ்வொளியில் யாருடைய முகமும் சற்று வெளிறியே காணப்படும். அதன் மேல் வெள்ளைப் பவுடரையும் பூசிவிட்டால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது.

மூன்றாவது, படக்கருவியின் மின்வெட்டு ஒளி. சில பூச்சுகளிலும் வெயில் தடுப்புக் களிம்புகளிலும் டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு ஆகிய வெண்பொடிகள் கலந்துள்ளன. இவை மின்வெட்டு ஒளியைப் பிரதிபலிப்பதால் கண்ணாடியில் இயல்பாகத் தோன்றிய முகம் படத்தில் வெளுத்துத் தோன்றும். நம் ஆசிரியைக்கு நேர்ந்தது இதுவே.

நான்காவது, தேர்பவனியின் அரையிருள். பொகீமியா நாட்டு அறிவியலார் புர்க்கின்யே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். பகலில் பளிச்சென்று தெரிந்த சிவந்த மலர்கள், மங்கிய ஒளியில் கறுத்துத் தோன்றின; நீலமும் பச்சையும் அவற்றைவிட ஒளியுடன் விளங்கின. நம் கண்ணில் பகற் பார்வைக்கும் இரவுப் பார்வைக்கும் வெவ்வேறு செல்கள் உள்ளன. இரவுச் செல்களுக்குச் சிவப்பு ஏறத்தாழப் புலப்படுவதே இல்லை. வீதியின் மங்கலில் அரக்குநிறப் பொட்டு கறுப்பாகவும், கனகாம்பரம் நிறமிழந்தும் தெரிவதன் காரணம் இதுவே. முல்லையும் மல்லிகையுமோ அந்த அரையிருளிலும் நிலவுபோல் ஒளி வீசும். தேர் சோடிக்கும் நம் பெரியவர்கள் வெண்மலர்ச் சரங்களை அன்னையின் திருவுருவத்தைச் சுற்றி நிறையக் கட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். அறிவியல் நூல் படிக்காமலே அவர்கள் இரவின் இலக்கணத்தை அறிந்திருக்கிறார்கள்!

காலை முகத்தை மாலை முகமாக்க

இனி நடைமுறைக்கு வருவோம். பணியிடத்திலிருந்து நேரே மண்டபத்துக்குச் செல்லும் சகோதரிக்குப் பத்து நிமிடமும், ஒரு சிறு பையும் போதும். பையில் இருக்க வேண்டியவை: இரண்டு பருத்திக் கைக்குட்டைகள், ஒரு புட்டியில் தண்ணீர், சீப்பு, சிறிய கண்ணாடி, தம் நிறத்துக்கேற்ற பவுடர், கண்மை, ஒரே ஒரு உதட்டுச்சாயம், பொட்டு. இவற்றுக்கு மேல் எதுவும் கட்டாயமில்லை.

முதற்படி, துடைத்தல். வியர்வையின் மேல் ஒருபோதும் பவுடர் பூசாதீர். வசதி இருந்தால் முகத்தைக் கழுவிவிடுங்கள். இல்லையேல் நனைத்த கைக்குட்டையால் புழுதி போக ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பின் உலர்ந்த கைக்குட்டையால் ஈரத்தை ஒற்றுங்கள். மின்விசிறியின் கீழ் இரண்டு நிமிடம் அமர்ந்திருங்கள். உடல் குளிராமல் வியர்வை நிற்காது. வியர்வை நிற்காமல் எந்தப் பூச்சும் நிற்காது. மாலை ஒப்பனையின் பாதி வேலை இத்துடன் முடிந்துவிடும்.

இரண்டாவது, பவுடர். நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய எண்ணெய் வழியும் இடங்களுக்கு மட்டும் சிறிதளவு ஒற்றினால் போதும். வெள்ளைப் பவுடரைத் தவிர்த்து, தம் தோல் நிறத்தோடு ஒன்றும் பவுடரை வாங்குங்கள். வாங்கும்போது முன்கையில் பூசிப் பார்ப்பதைவிடத் தாடையோரத்தில் பூசிப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சிறந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் இடையே கோடு தெரியாதிருந்தால் அதுவே உங்கள் நிறம். காதையும் கழுத்தையும் மறந்துவிடாதீர். குழந்தை மடியில் இருக்கும்போது பவுடரைத் தூவுதல் ஆகாது; அதன் துகள் குழந்தையின் நுரையீரலுக்குக் கேடு.

மூன்றாவது, கண். காலையில் இட்ட மை மாலைக்குள் கீழே கசிந்திருக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு துளி தொட்ட துணியால் அதை நீக்குங்கள். பிறகு கீழிமையைவிட மேலிமையின் ஓரத்தில் மையைச் சற்று அழுத்தமாகத் தீட்டினால், மேலிருந்து விழும் விளக்கொளியில் கண் எடுப்பாகத் தெரியும். கசிந்து கருவளையம்போல் தோன்றவும் செய்யாது.

நான்காவது, உதடு. பழக்கமில்லாதவர்கள் சாயம் பூசியே ஆக வேண்டும் என்பதில்லை. சிறிது வெண்ணெய்ப் பசையுள்ள களிம்பு தடவினாலே உதடு வெடிப்பின்றி விளங்கும். சாயம் பூசுவோர், வெள்ளை விளக்குள்ள மண்டபமாயின் செங்கல் நிறம், மாதுளை நிறம் போன்ற வெதுவெதுப்பான சாயல்களைத் தேர்ந்துகொள்க. வெளிறிய இளஞ்சிவப்பு நம்மவரின் நிறத்துக்கு அந்த ஒளியில் பொருந்தாது. தேர்பவனிபோல் மங்கிய ஒளியில் மிக ஆழ்ந்த சிவப்பு கறுத்துத் தோன்றுமாதலால், அதைவிட ஒருபடி ஒளிர்வான சிவப்பே நன்று. அதே சாயத்தில் ஒரு புள்ளியை விரலால் கன்னத்தில் தேய்த்து மறைத்துவிட்டால் நாள் முழுதும் உழைத்த களைப்பு மறையும். தனியே கன்னச்சாயம் வாங்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, பொட்டும் பூவும். பகற்பொட்டைவிட ஒரு சுற்றுப் பெரிய பொட்டு. காலையில் சூடிய பூவை எடுத்துவிட்டு மாலையில் மலரும் முல்லையோ மல்லிகையோ சூடுங்கள். மருதாணி இட விரும்புவோர் முதல் நாள் இரவே இட்டுவிட வேண்டும். அதன் நிறம் முதிர ஒருநாளாவது ஆகும்.

இறுதியாக, எந்த விளக்கின் கீழ் நிற்கப் போகிறோமோ அதே போன்ற விளக்கின் கீழ் ஒருமுறை கண்ணாடி பாருங்கள். ஒருமுறை போதும். திரும்பத் திரும்பக் கண்ணாடி பார்ப்பவளுக்கு மணமக்களைப் பார்க்க நேரமேது?

வெண்மை என்னும் வலை

மேற்கூறிய ஐந்து படிகளில் எங்கேனும் நிறத்தை மாற்றும் வேலை இருந்ததா? இல்லை. ஆயினும் நம் வீடுகளில் பெண் குழந்தை பிறந்த அன்றே "நிறம் எப்படி?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. பெண் பார்க்கும் மாலையில் அந்தக் கேள்வி மணப்பெண்ணின் முகத்துக்கு நேரேயே வந்து நிற்கிறது. நாட்டில் பெரும்புகழ் பெற்ற வெண்மைக் களிம்பு ஒன்று 1975இல் சந்தைக்கு வந்தது. 'வெண்மை'யைக் குறிக்கும் சொல்லை அதன் நிறுவனம் 2020இல்தான் பெயரிலிருந்து நீக்கியது. பெயரிலிருந்து நீங்கியது நம் உள்ளத்திலிருந்தும் நீங்கிற்றா?

பெயர்ச்சீட்டு இல்லாமலும், தயாரித்தவர் முகவரி இல்லாமலும் விற்கப்படும் களிம்புகளில் உயிருக்கே கேடு உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. ஆகவே சில நாளில் முகம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே உடலுள் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். துண்டு, தலையணை, தாயின் கை ஆகியவற்றின் வழியே குழந்தையையும் அடையும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்களுள் 13 பேர் வெண்மைக் களிம்பு பூசி வந்தவர்கள் எனத் தெரிந்தது. களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் நலமடைந்தனர் என்பது ஆறுதலான செய்தி.

2013இல் உருவான மினமாட்டா உலக உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப் பொருள்களை அது விலக்கியது. 2023இல் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் முற்றாக ஒழிக்க முடிவு செய்தன. சட்டம் உண்டு, எனினும் நம் கைப்பையைச் சோதிக்கச் சட்டம் வருவதில்லை. நாமே சோதிக்க வேண்டும். கலோமெல், மெர்குரியஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்குரி என்னும் சொற்கள் குப்பியில் இருந்தால் அதை வாங்காதீர். எதுவும் எழுதப்படாத குப்பியையோ தொடவே தொடாதீர்.

ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகளை வெண்மைக்காகப் பூசும் வழக்கமும் பரவியுள்ளது. இவற்றுள் 14 வகைகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018இல் நடுவண் அரசு ஆணையிட்டது. இவற்றைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பரு பெருகும், முகத்தில் முடி முளைக்கும். திடீரென நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். ஆகையால் ஏற்கெனவே பூசி வருபவர்கள் வெட்கப்படாமல் தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் முறைப்படி நிறுத்துவதே நலம்.

இன்னும் சில எச்சரிக்கைகள்

ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் சிலருக்கு நெற்றியில் வெண்தழும்பை உண்டாக்குகிறது. அரிப்போ வெளுப்போ கண்டால் அன்றே நிறுத்திச் சாந்துப்பொட்டுக்கு மாறுங்கள். சில சுர்மாக்களில் ஈயம் உண்டு. குழந்தைகளின் கண்ணுக்கு எந்த மையும் வேண்டாம். ஒருவர் கண்மையை மற்றவர் பயன்படுத்தலாகாது. கண் நோய் பரவ அதைவிட எளிய வழியில்லை. மணி நேரத்தில் கறுக்கும் 'கறுப்பு மருதாணி' உண்மையில் தலைச்சாய வேதிப்பொருள் கலந்தது, கை கொப்புளித்துவிடும். வீடு திரும்பியபின் எவ்வளவு களைப்பாயினும் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மென்மையான சோப்பால் முகம் கழுவிய பிறகே உறங்கச் செல்லுங்கள்.

அன்பான தாய்மார்களே! மாலை ஒப்பனையை உங்கள் மகள் உங்களிடமிருந்தே கற்கிறாள். கண்ணாடி முன் நின்று நீங்கள் பெருமூச்சு விட்டால், அந்தப் பெருமூச்சையும் சேர்த்தே கற்கிறாள். இனிமைமிகு பாடலின் மணமகள் தன் கருநிறத்தை மறைக்காமல் எருசலேம் மங்கையரிடம் எடுத்துரைக்கிறாள். அந்தத் துணிவை உங்கள் மகளுக்குச் சீதனமாகக் கொடுங்கள். திருமணம் பேச வருவோர் நிறத்தைக் குறை கூறினால், அந்தக் குறையைப் பெண்ணின் முகத்தில் தேடாமல், வந்தவர்களின் உள்ளத்தில் தேடும் திடம் தந்தையர்க்கும் வேண்டும்.

நம் ஆசிரியை அந்தக் களிம்பைக் குப்பையில் இட்டுவிட்டார். அண்மையில் அரியலூரில் நடந்த வரவேற்பு ஒன்றில் அவரைக் கண்டோம். முகம் துடைத்துச் சிறிது பவுடர் ஒற்றி, இமையோரம் மை தீட்டி, முல்லைச்சரம் சூடியிருந்தார். வெள்ளை விளக்கின் கீழும் முகமும் கழுத்தும் ஒரே நிறமாக, இறைவன் அவருக்குத் தந்த அதே நிறமாக விளங்கின. மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் அப்படத்தை நமக்கும் அனுப்பியிருந்தார்.